தயிர்வடையின் அமைதி

சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்து. அங்கே ஒரு கடைவீட்டு மாடியில் குரு துத்தநாகானந்தர் மூளைகளை அமைதிப்படுத்திக்கொண்டிருந்தார். பாதி நாற்காலிகளில் ஆளுக்குப் பதில் டிஷ்யூ பாக்கெட்டுகள். இடம் பிடித்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார்கள். முக்தியே ஆனாலும் இந்த ஊரில் இடம் பிடிப்பது இப்படித்தான்.

செங்காங் பேட்டையிலிருந்து உமாமகேஸ்வரி தன் மகள் அனுப்ரியாவை இழுத்து வந்திருந்தார். அனுப்ரியாவுக்கு வலிப்பு உண்டு. மாத்திரை தொடங்கிய பிறகு வரவில்லை. "அதான் வரலியே, அப்புறம் மாத்திரை எதுக்கு?" என்பது அம்மாவின் விஞ்ஞானம்.

குரு கண்ணை மூடினார். "மூளைக்குள்ள ஹிப்போகாம்பஸ்னு ஒரு கடல்குதிரை இருக்கும்மா. அது துள்ளினா வலிப்பு. துத்தநாகம், அதான் ஜிங்க், அதுதான் கடிவாளம்."

அது குதிரை அல்ல. கடல்குதிரை வடிவத்தில் உள்ள, நினைவுகளைச் சேர்க்கும் மூளைப் பகுதி. விட்டால் குரு அதற்குக் கொள்ளும் வைப்பார்.

அனுப்ரியாவின் ஒரு கையில் செப்புக் குழாய். மறு கையில் துத்தநாகக் குழாய். இரண்டையும் இணைத்து ஒரு மீட்டர். ஊசி இருபதுக்கு ஏறியது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"பாத்தியாம்மா, அமைதி ஏறுது! இந்தத் துத்தநாகக் காப்பைப் போட்டா நூறைத் தொடும். மாத்திரையை இந்தக் குண்டான்ல போட்டுடு."

உமாமகேஸ்வரி கைப்பையைத் திறந்தார்.

"இரும்மா," என்றாள் அனுப்ரியா. "சாமி, நரம்பைப் பாத்து 'சும்மா இரு'ன்னு சொல்ற பிரேக் மூளையில இருக்கு. ஜிங்க்கும் அங்க ஏற்கெனவே இருக்கு. சில இடத்துல அது அந்த பிரேக்கையே லூசாக்கிடும். உங்க காப்பு எந்தப் பக்கம் வேலை செய்யும்?"

"நல்ல பக்கம்," என்றார் குரு.

பக்கத்து நாற்காலியில் அழகப்பன் என்பவர் தயிர்வடைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அங்கிள், ஒரு நிமிஷம் லா."

இரண்டு குழாய்களையும் அனுப்ரியா வடையில் குத்தினாள். ஊசி நூறில் முட்டி நின்றது.

கூட்டம் எட்டிப் பார்த்தது. மீட்டர் கணக்குப்படி வடைதான் எல்லாரையும்விட அமைதி.

"ரெண்டு உலோகம், நடுவுல தயிர். என் கையில பிடிச்சப்போ நடுவுல வேர்வை. பேட்டரி, அவ்வளவுதான்."

"வடையிலும் தெய்வாம்சம்..." என்று தொடங்கினார் குரு.

"என் வடைக்கு வலிப்பே வந்ததில்ல சாமி!" என்றார் அழகப்பன். "அதுக்கும் காப்பு விப்பீங்களா?"

உமாமகேஸ்வரி கைப்பையை மூடினார். "வா, சாப்பிட்டுட்டு மாத்திரையைப் போடு."

தயிர்வடைக்கு மூளை கிடையாது. நமக்கு உண்டு. அது இருக்கும் இடத்தில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டு எங்கும் போய்விடாதீர்கள்.