நோனி பாட்டிக்காக ஒரு பொய்ச் சத்தியம்

"இதுல விஸ்கி எத்தனை இடத்துல வருதுன்னு எண்ணிப் பார்த்தியா?" என்று கேட்டுவிட்டு, ஃபாதர் டெவ்லின் இரங்கல் பேச்சு எழுதிய காகிதத்தை டெர்மட்டிடமே திருப்பிக் கொடுத்தார்.

டெர்மட் எண்ணவில்லை. பீடத்துக்குப் பின்னாலிருந்த அறையில் அவர்கள் நின்றிருந்தார்கள்; பூசை தொடங்கக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. சவுத் பாஸ்டனில் பாதி ஊர் கோயிலுக்குள் வந்து உட்கார்ந்தாயிற்று. நடுவில் பெட்டிக்குள் அவனுடைய நோனி பாட்டி, வாழ்க்கையிலேயே முதல்முறையாக, யாருடைய பேச்சிலும் குறுக்கிடாமல் படுத்திருந்தாள்.

"கவுன்சிலர் ஹாலரன் கதையைச் சொல்லலைன்னா பாட்டியைப் பத்தி வேற என்ன ஃபாதர் சொல்றது?"

இன்றைக்கு வரை அந்தக் கதை தெரியாமலிருந்தவர் அந்த வட்டாரத்தில் ஒருத்தர்தான். அது போன வருஷம் மாற்றலாகி வந்த ஃபாதர் டெவ்லின். பள்ளிக்கூட முனையில் சிக்னல் வேண்டும் என்று பாட்டி கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். ஒருநாள் மார்ட்டியின் பாருக்கே போய்க் கவுன்சிலர் எதிரில் உட்கார்ந்துவிட்டாள். கிளாசுக்குக் கிளாஸ் விஸ்கி. முதலில் சாய்கிறவர், சாயாதவர் சொன்னதைக் கேட்க வேண்டும். கவுன்சிலரை நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். பாட்டி நேராக நடந்து வீட்டுக்கு வந்து துணிக்கு இஸ்திரி போட்டாள். சிக்னல் இன்றைக்கும் எரிகிறது.

கவுன்சிலர் மட்டுமா? துறைமுகத்தில் ஆளெடுக்கும் மேஸ்திரி, வாடகையை ஏற்றின வீட்டுக்காரன் எல்லோரையும் அவள் அதே மேசையில், அதே மாதிரிதான் வழிக்குக் கொண்டுவந்தாள். ஊரே அவளைக் கண்டால் தொப்பியைக் கழற்றும்.

"பீடத்துக்கு முன்னாடி குடியைப் பத்திப் பேசக் கூடாது," என்றார் ஃபாதர். "அஞ்சு நிமிஷம். நல்லதா நாலு வார்த்தை. போதும்."

டெர்மட் பஸ் ஓட்டுகிறவன். பொதுமக்களைப் பார்த்து அவன் இதுவரை பேசியதெல்லாம் "உள்ள நகருங்க" மட்டும்தான். அவனைப் பேசச் சொன்னது பாட்டி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "மத்ததுங்க பேசினா என்னைப் புனிதையாக்கிட்டுத்தான் ஓயும். நீ பேசு. ஆனா என் பெட்டிகிட்ட நின்னுக்கிட்டு ஒரு பொய்கூடச் சொல்லக் கூடாது." அவனும் சரியென்று சொல்லிவிட்டான். அவள் கடைசியாகக் கேட்டது அது ஒன்றுதான்.

சொல்லாமல் விடுவது பொய்யாகாது என்று மனசைத் தேற்றிக்கொண்டு விஸ்கி வந்த வரிகளை எல்லாம் அடித்தான். மறியல் கதை மிஞ்சியது. அதற்குள் கறுப்புத் தொப்பியோடு லொரெட்டா அத்தை உள்ளே நுழைந்தாள். பாட்டியின் மூத்த மகள்.

"டேய், மறியல்ல போலீஸ்காரனை மீனால அடிச்சாளே, அதைச் சொல்லப் போறியா?"

"அதுதான் அத்தை மிச்சம் இருக்கு."

"அடி வாங்கினது யாருன்னு தெரியுமா? என் மாமனார். மூணாவது பெஞ்சுல உக்காந்திருக்கார்."

டெர்மட் அதையும் அடித்தான். "அப்ப பிங்கோ ஆட்டத்துல நடந்த சண்டை?"

"அதுல அடி வாங்கினவ ரெண்டாவது பெஞ்சு."

கடைசியில் காகிதத்தில் தேறியது இவ்வளவுதான்: அயர்லாந்தில் கெர்ரியில் பிறந்தாள், கப்பலில் வந்தாள், ஆறு பிள்ளை பெற்றாள், ரொட்டி நன்றாகச் சுடுவாள்.

மேடையேறி அதைப் படித்தான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பின்வரிசையில் துறைமுகத்து ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு, சரி, கதை இனிமேல்தான் வரப்போகிறது என்று காத்திருந்தார்கள். "அவ்வளவுதானா?" என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஃபாதர் டெவ்லின் விரலை ஆட்டி, நேரமிருக்கு, பேசு என்று ஜாடை காட்டினார்.

ஃபாதருக்குப் பிடித்த மாதிரி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கிவிடலாம் என்று டெர்மட் நினைத்தான். வாய் தானாகத் திறந்தது.

"நோனி பாட்டி, அவங்க வாழ்நாள்ல ஒரு சொட்டு மதுகூடத் தொட்டதில்ல."

பின்வரிசையில் ஒருத்தர் தும்முவது போல ஆரம்பித்தார். அது தும்மல் இல்லை. பெஞ்ச் பெஞ்சாகக் குலுங்க ஆரம்பித்தது. ஆர்கன் வாசிக்கிறவர் முழங்கையைக் கட்டைகள் மேல் ஊன்றிவிட, அது பாட்டுக்கு ஓலமிட்டது. முன்னாள் கவுன்சிலர் ஹாலரன் கண்ணீர் வடியச் சிரித்துப் பெஞ்சிலிருந்து நழுவி முழந்தாளிட்டார். பக்தி என்று நினைத்துப் பக்கத்திலிருந்த இரண்டு கிழவிகளும் முழந்தாளிட்டார்கள்.

"சிரிக்காதீங்க," என்றான் டெர்மட். சிரிப்பு இன்னும் ஏறியது. ஓடிவந்து பெட்டியின் மேல் கையை வைத்தான். "சத்தியமா. கடவுள் சாட்சியா. ஒரு சொட்டு."

லொரெட்டா அத்தை தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டாள். அடித்துத் திருத்தாத காகிதத்தைப் படித்திருந்த ஃபாதர் டெவ்லினின் முகம் வெளிறிவிட்டது.

அடக்கம் முடிந்து எல்லோரும் சாப்பிட மார்ட்டியின் பாருக்கு வந்தார்கள். பன்றி இறைச்சி வைத்த சாண்ட்விச்சுத் தட்டோடு வந்த லொரெட்டா அத்தை, டெர்மட்டை மட்டும் தாண்டிப் போனாள். ஃபாதர் அவனை ஓரமாகக் கூப்பிட்டார்.

"சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கு வந்துடு. பொய்ச் சத்தியம் சின்னப் பாவம் இல்ல."

இங்கேயாவது பாட்டியின் உண்மையான கதையை யாராவது சொன்னால் கணக்கு நேராகிவிடும் என்று டெர்மட்டுக்குத் தோன்றியது. ஹாலரனிடம் போனான்.

"ஐயா, அந்த சிக்னல் கதையை நீங்களே ஒரு தடவை எல்லாருக்கும் சொல்லுங்களேன்."

கேட்பதற்குத்தான் காத்திருந்தார் போல, ஹாலரன் நாற்காலி மேல் ஏறிவிட்டார். "கண்ணால பார்த்த சாட்சி நான். பாதிக்கு மேல கண்ணு தெரியல, அது வேற விஷயம். எனக்கு எத்தனை கிளாஸோ அவளுக்கும் அத்தனை கிளாஸ். கண்ணு இமைக்கல பொம்பளை. தண்ணி மாதிரிக் குடிச்சா. ஒரு சொட்டு தொடாதவளாம்ல, கேட்டீங்களா?"

பார் கைதட்டி அதிர்ந்தது. மேஸ்திரியின் மகன் எழுந்து தன் அப்பா சாய்ந்த கதையைச் சொன்னான். வீட்டுக்காரனின் தம்பி எழுந்தான். சாட்சிக்கு மேல் சாட்சி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஃபாதர் டெவ்லின் டெர்மட்டின் தோளைத் தட்டினார்.

"சனிக்கிழமை வரைக்கும் வேண்டாம்பா. நாளைக்கே வா."

டெர்மட் பாரின் கோடியில் போய் உட்கார்ந்தான். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. பாட்டி போனதற்கா, வாக்கைக் காப்பாற்றாததற்கா என்று அவனுக்கே தெரியவில்லை.

அந்த பாரில் கிழவர் மார்ட்டியைத் தவிர வேறு யாரும் இதுவரை விஸ்கி ஊற்றியதில்லை. அவர் துண்டால் கிளாஸைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் வந்தார்.

"எதுக்குடா அழற? நல்லா வாழ்ந்துட்டுத்தானே போயிருக்கா."

"ஒரு பொய்கூடச் சொல்லாதேன்னு கேட்டுக்கிட்டாங்க மார்ட்டி மாமா. பெட்டி மேல கையை வெச்சுப் பொய்ச் சத்தியம் பண்ணிட்டேன். எந்த மூஞ்சியோட அவங்க கல்லறைக்குப் போவேன்?"

மார்ட்டி கிளாஸைக் கீழே வைத்தார். ஹாலரன் நாற்காலி மேல் நின்று இரண்டாம் தடவையாக அதே கதையை ஆரம்பித்திருந்தார். அவர் இந்தப் பக்கம் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு மார்ட்டி குனிந்து, டெர்மட்டின் காதோடு சொன்னார்:

"சின்ன வயசுல கெர்ரியில உறுதிப்பூசுதல் அன்னிக்கு, சாகுற வரைக்கும் குடிக்க மாட்டோம்னு ஊர்ப் பிள்ளைங்க நாங்க எல்லாருமே பிஷப் முன்னாடி சத்தியம் பண்ணினோம். காப்பாத்தினவ அவ ஒருத்திதான்டா. இந்த நாப்பது வருஷமா அவ கிளாஸ்ல நான் ஊத்தினது ஆறிப்போன டீத்தண்ணி."