அந்த மீனுக்கும் மதுவின் கல்யாணத்துக்கும் சம்பந்தமில்லை

லேக் கார்டன்ஸ், கொல்கத்தா,
சரஸ்வதி பூஜைக்கு மறுநாள்.

சிரஞ்சீவி ஜெய்ராமுக்கு, உன் அத்திம்பேர் வெங்கடநாராயணன் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா ஜலஜாவும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன், நீ நம்பியே ஆகவேண்டும் என்றில்லை. அங்கே நீயும் அனுராதாவும் சௌக்கியம்தானே? அனுராதா அந்த வீடியோவைப் பார்த்துவிட்டாளா? பார்த்திருப்பாள். காலையிலிருந்து உன் போன் வந்துகொண்டே இருக்கிறது. எடுத்தால் உன் அக்கா ஸ்பீக்கரில் போடச் சொல்வாள், ஸ்பீக்கரில் போட்டால் அக்காவும் தம்பியும் பேசுவீர்கள், நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீங்கள் நாலு முடிவு எடுத்துவிடுவீர்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உட்கார்ந்து என்பதுகூடப் பேச்சுக்குத்தான். இரண்டு வரி எழுதுவதும், எழுந்து போய் வாசல் கதவு தாழ்ப்பாளைப் பார்ப்பதுமாக இருக்கிறேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் மருமான் மதுவுக்குக் கல்யாணம் நிச்சயமாகவில்லை. பெங்காலிப் பெண் என்று யாரும் கிடையாது. வீடியோவில் நான் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு நிற்பது மீன்தான், அது நிஜம். அதற்குச் சிவப்புப் புடவை கட்டியிருக்கிறது, மூக்கில் வளையம், நெற்றியில் குங்குமம், அதுவும் நிஜம். மற்றதெல்லாம் ஜனங்களின் கற்பனை. நீ அலையாய் அலைந்து பிடித்த மாம்பலத்துச் சம்பந்தம் இதனால் கைநழுவிப் போய்விடக்கூடாது. மாதங்கி மாதிரி ஒரு பெண், அப்படி ஒரு ஜாதகப் பொருத்தம், இனி எங்கே தேடுவது? மது 'ஆபீசில் வேலை, ஆபீசில் வேலை' என்று பெண் பார்க்க வருவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பதில் உன் அக்கா பாதி உடம்பாகிவிட்டாள். இந்த நேரத்தில் இந்த மீன் வேறு. வீடியோ மாம்பலம் போய்ச் சேருவதற்குள் நீ போய்ச் சேர்ந்துவிட வேண்டும், அதற்காகத்தான் கூரியரில் போடும் இந்தக் கடிதம்.

நடந்தது இதுதான். நான் பாங்கில் கேஷ் கவுண்டரில் இருந்த காலத்திலிருந்தே மாஜிக் செய்பவன் என்பது உனக்குத் தெரியும். நோட்டு எண்ணிப் பழகிய விரல், சீட்டை மறைப்பது எனக்குப் பெரிய வேலையில்லை. ரிடையர் ஆனபின் வீட்டில் சும்மா இருக்க முடியாமல், எங்கள் தெருக்காரர்கள் நடத்தும் சரஸ்வதி பூஜை நிகழ்ச்சியில் பத்து நிமிஷம் தனியாக மாஜிக் செய்கிறேன் என்று பெயர் கொடுத்தேன். நிகழ்ச்சிக்குப் பொறுப்பு எங்களுக்கு மேல் மாடியில் இருக்கும் மேக்னா. மதுவோடு ஜாதவ்பூரில் படித்தாளே, இப்போது அங்கேயே பாடம் நடத்துகிறாள். கெட்டிக்காரப் பெண். அவள் சொன்னாள்: "காக்கு, முதல் அரை நிமிஷம்தான் உங்க கையில இருக்கு. அதுக்குள்ள ஜனங்களைப் பிடிக்கலைன்னா, எல்லாரும் எழுந்து எக் ரோல் வாங்கப் போயிடுவாங்க. அப்புறம் யார் கூப்பிட்டாலும் திரும்பி வர மாட்டாங்க." இங்கே சித்தப்பா முறைக்குக் காக்கு என்பார்கள். அன்றைக்குப் போனது என் தூக்கம்.

முதல் வித்தை என்னவாக இருக்க வேண்டும்? இதே யோசனை. குளிக்கும்போது, ரசஞ்சாதம் பிசையும்போது, கோயிலில் கண்ணை மூடி நிற்கும்போது எல்லாம் முதல் வித்தை, முதல் வித்தை. மணிபர்ஸைத் திறந்தால் தீ எரிவது ஒன்று இருக்கிறது, கூட்டம் ஆ என்று வாயைப் பிளக்கும், ஆனால் பந்தல் முழுக்கத் துணி, தீயே கூடாது என்று மேக்னா சொல்லிவிட்டாள், அவள் சொல்வதற்கு முன்பே நான் அடுக்களையில் ஒத்திகை பார்த்ததில் உன் அக்காவின் புது நைட்டியில் ஒரு கை எரிந்துபோய்விட்டது. சரி, புறா. ஒரு புறா வாங்கிவந்தேன். கோட்டுக்குள் வைத்தால் உள்ளேயே தூங்கிவிடுகிறது, எடுத்தால் அசிங்கம் பண்ணுகிறது, பறக்கவிட்டால் நேராகப் போய் பால்கனிக் கம்பியில் உட்கார்ந்துகொண்டு திரும்பி வர மாட்டேன் என்கிறது, இப்போது அது தன் சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது, உன் அக்கா தினம் அரிசி போடுகிறாள். அப்புறம் வாயிலிருந்து கைக்குட்டை கைக்குட்டையாக இழுப்பது. அதில் ஒரு கைக்குட்டை தொண்டைக்குள் போய்விட்டது, நான் விக்கிய விக்கலில் கீழ்வீட்டு டாக்டரே மாடியேறி வந்தார். கடைசியாக, ஒருவர் கடிகாரத்தை வாங்கித் துணியில் சுற்றிச் சுத்தியலால் உடைத்துத் திரும்ப முழுசாகக் கொடுப்பது. நம்ம பிரேம்குமார் கடிகாரத்தில் செய்து பார்த்தேன். உடைப்பதுவரை பிரமாதமாக வந்தது.

பிரேம்குமாரை உனக்கு ஞாபகம் இருக்கும், கரக்பூர் ரயில்வேயில் இருந்தவர், திருநெல்வேலிக்காரர், என் மாஜிக்கை உட்கார்ந்து பார்க்கும் ஒரே மனிதர். கடிகாரத் துண்டுகளை ஜேபியில் போட்டுக்கொண்டே அவர் சொன்னார்: "சார், இந்த ஊர்க்காரங்க புறாவுக்கும் கைக்குட்டைக்கும் அசர மாட்டாங்க. ஒரு முழு மீனை எடுத்துக் காட்டுங்க. ஒருத்தன் எந்திரிச்சா என் பேரை மாத்திக்கிறேன்."

ஜெய்ராம், யோசித்துப் பார். வெறும் காய்கறிப் பை. உள்ளே வெளியே திருப்பிக் காட்டுகிறேன், உதறுகிறேன், ஒன்றுமில்லை. கையை விட்டு எடுத்தால் பெரிய மீன். முதல் வித்தை என்றால் இதுதான் முதல் வித்தை. நமக்கு ஆகாத வஸ்து என்பது ஒன்றுதான் குறை. உன் அக்காவிடம் சொல்லவில்லை. சுரைக்காயை வைத்துப் பழகினேன். வீட்டில் தினம் சுரைக்காய்க் கூட்டு ஏன் என்று அவளும் கேட்கவில்லை. மீனை நாற்காலி முதுகுக்குப் பின்னால் தொங்கவிட்டு, பையை உதறும் சாக்கில் உள்ளே வாங்கிக்கொள்ள வேண்டும், இதற்கு மேல் சொல்வது தொழில் தர்மமில்லை.

பூஜையன்று மத்தியானம் பிரேம்குமாருக்கு முழங்கால் வலி, வர முடியவில்லை. நானே கரியாஹாட் மார்க்கெட்டுக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் மார்க்கெட்டில் அந்தப் பக்கம் நான் தலையைத் திருப்பியதுகூடக் கிடையாது. மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு கடைசியில் இருந்த கடையில் போய் நின்றேன். கடைக்காரன் கத்தியை எடுத்தான். "வெட்ட வேண்டாம், முழுசா வேணும், இருக்கறதிலேயே பெரிசா" என்றேன். அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை மரியாதையோடு பார்த்தான்.

"ஓ, விசேஷமா பாபு? என்னிக்கு?"

"இன்னிக்குச் சாயங்காலம். எல்லார் முன்னாடியும் எடுத்துக் காட்டணும். பார்க்க லட்சணமா இருக்கணும்."

"பிள்ளையா, பெண்ணா?"

"ஒரே பிள்ளை. பெங்களூர்ல இருக்கான்."

"அப்ப குறையே வைக்கக்கூடாது" என்றவன், ரோகு என்று ஒன்றைத் தூக்கி, பக்கத்துக் கடை அம்மாளிடம் கொடுத்தான். அந்த அம்மாள் அதற்குச் சின்னதாக ஒரு சிவப்புப் புடவையைச் சுற்றி, மூக்கில் வளையம் மாட்டி, குங்குமம் வைத்து, பார்த்துப் பார்த்து அலங்காரம் பண்ணிக் கொடுத்தாள். சாமான் வாங்கும்போது குடும்பத்தை விசாரிப்பது இந்த ஊரில் சகஜம், அதனால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. லட்சணமாக வேண்டும் என்று கேட்டேன், லட்சணமாகக் கொடுத்தார்கள், வியாபாரம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். புடவை சுற்றியிருந்ததால் கையால் தொட வேண்டிய அவஸ்தையும் குறைந்தது.

சாயங்காலம். பந்தல் முழுக்க மஞ்சள் புடவை. உன் அக்கா முதல் வரிசை. மேக்னா மைக்கில் என் பெயரைச் சொன்னதும் பின்வரிசை ரோல் கடைப் பக்கம் எழுந்துவிட்டது. நான் பையைத் திருப்பினேன், உதறினேன், வாங்கினேன், எடுத்தேன். பிசகே இல்லை, ஜெய்ராம். சுரைக்காயில்கூட அவ்வளவு சுத்தமாக வந்ததில்லை. எழுந்து போனவர்கள் அத்தனை பேரும் நின்றார்கள். அப்புறம் ஒரு அம்மாள் குலவை போட்டாள். அடுத்தவள் போட்டாள். யாரோ சங்கு ஊதினார்கள். மொத்தக் கூட்டமும் மேடையை நோக்கி வருகிறது. கலைக்கு இப்படி ஒரு மரியாதையா என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மேக்னா மைக்கைப் பிடித்தபடி மீனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "நிஜமாவா காக்கு?" என்றாள். நிஜ மீன்தானா என்று கேட்கிறாள் என நினைத்து, "நிஜமேதான்மா. சந்தேகம்னா தொட்டுப் பார்" என்றேன். அவள் தேம்பித் தேம்பி அழுதுகொண்டு என் காலில் விழுந்தாள். பாவம், ராப்பகலாக அவள் தயார் செய்த நிகழ்ச்சி அத்தோடு நின்றுபோனதே, அழாமல் என்ன செய்வாள்.

பிரேம்குமார் நொண்டிக்கொண்டே வந்து காதில் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கிற்று. இங்கே கல்யாணத்தன்று காலை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குச் சீர்த்தட்டு அனுப்புவார்களாம். அதில் முக்கியமானது கல்யாணப் பெண்ணாக அலங்கரித்த முழு ரோகு மீனாம். பிள்ளையைப் பெற்றவன் அப்படி ஒரு மீனோடு ஊர்கூடிய இடத்தில் நின்றால் என்ன அர்த்தம்? என் பிள்ளைக்கு உங்கள் ஊர்ப் பெண் என்று அர்த்தம். எத்தனையோ கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன், சீர்த்தட்டில் மீன் இருக்கும் பக்கம் பார்த்தால்தானே தெரியும். "சார், அந்தப் புடவையைப் பார்த்துமா உங்களுக்குச் சந்தேகம் வரலை?" என்று கேட்டுவிட்டு அந்த மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் மைக்கில் "கல்யாணம் இல்லை, மாஜிக், மாஜிக்" என்று கத்துகிறேன், யார் காதில் விழுகிறது? பாக்கி ஒன்பது நிமிஷ வித்தை கோட்டுக்குள்ளேயே கிடக்கிறது. என் வயிற்றெரிச்சல் எது தெரியுமா? வெறும் பையிலிருந்து அவ்வளவு பெரிய மீன் எப்படி வந்தது என்று ஒருத்தர், ஒரே ஒருத்தர் கேட்க வேண்டுமே. முகூர்த்தம் எப்போது என்றுதான் கேட்கிறார்கள்.

உன் அக்காவைச் சுற்றிப் பெண்கள் கூடி, வாயில் சந்தேஷ் என்ற இனிப்பை ஊட்டி, கன்னத்தைத் தடவி, அவள் விழித்த விழி எனக்குத்தான் தெரியும். வீட்டுக்கு வந்ததும் "குளிச்சேளா?" என்றாள். மீனை நம் வீட்டுக்குள் கொண்டுவர முடியாது என்று நான் தவித்தபோது, மேக்னாவின் அம்மாதான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, தன் வீட்டுப் பிரிட்ஜில் வைத்திருக்கிறாள். சங்கு ஊதித்தான் வாங்கினாள். அண்டை அயல் என்றால் இப்படி இருக்க வேண்டும். ஆனால் இன்று காலையிலிருந்து வாசல் மணி ஓயவில்லை, ஒவ்வொருவராக இனிப்போடு வருகிறார்கள், நான் மறுக்கிறேன், வெட்கப்படுகிறேன் என்று சிரிக்கிறார்கள். மதுவுக்கு மூன்று தடவை போன் செய்தாயிற்று, எடுக்கவில்லை. குழந்தை அவமானத்தில் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறானோ. அப்பன் செய்த கூத்துக்கு அவன் தலைகுனிய வேண்டியதாயிற்று.

ஆகவே நீ இந்தக் கடிதத்தைக் கையோடு மாம்பலத்துக்கு எடுத்துப் போய், இது வெறும் வித்தை, பையன் சொக்கத்தங்கம், எந்தப் பெண்ணையும் நிமிர்ந்து பார்க்காதவன் என்று எடுத்துச் சொல்லி, மாசிக்குள் பெண் பார்க்கும் நாளைக் குறித்துக்கொண்டு வா. உன்னைத்தான் மலைபோல நம்பியிருக்கிறேன். உனக்கும் அனுராதாவுக்கும் சகல சௌபாக்கியமும் உண்டாகட்டும், உன் முதுகுவலி சீக்கிரம் சரியாகட்டும், குழந்தைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
உன் அத்திம்பேர்
வெங்கடநாராயணன்

பின்குறிப்பு: மாம்பலத்துக்குப் போகாதே. போனாலும் இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போகாதே. உறையில் போடும் நேரத்தில் மது போன் செய்தான். "அப்பா, எங்க விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்கிறான். அவனும் மேக்னாவும் காலேஜ் நாளிலிருந்தாம். எங்களிடம் எப்படிச் சொல்வது என்று இத்தனை வருஷமாகப் பயந்துகொண்டிருந்தார்களாம். "நீங்களே முறைப்படி சீர் எடுத்துண்டு வந்து நின்னேளாமே, மேக்னா ராத்திரி பூரா அழறா. நான் ஏர்போர்ட்ல இருக்கேன்பா" என்று இவனும் அழுகிறான். அந்தக் குழந்தையிடம் போய் அது மாஜிக் என்று எப்படிச் சொல்வேன்?

ஸ்பீக்கரில்தான் இருந்தது. உன் அக்கா போனைப் பிடுங்கினாள். "ஏண்டா, இத்தனை வருஷம் எங்கிட்ட வந்து சொல்ல உனக்கு வாய் வரலையா? ஒரு மீன் வந்தாடா எனக்குச் சொல்லணும்?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள். அப்புறம் முகத்தைக் கழுவி, குங்குமம் வைத்துக்கொண்டு, டப்பாவில் முறுக்கு எடுத்துக்கொண்டு மேல் மாடிக்குப் போனாள். இப்போதுதான் இறங்கி வந்தாள். முகூர்த்தம் குறிக்கப் போகிறார்கள்.

மாதங்கி வீட்டாரிடம் இதமாக நீயே சொல்லிவிடு, அந்தப் பெண்ணுக்கு நல்ல இடம் அமையட்டும். இன்னொன்று. நேற்றுக் கொடுத்தது கணக்கில் வராதாம், கல்யாணத்தன்று புதிதாக ஒரு மீன் போக வேண்டுமாம், அதைப் பிள்ளையின் தாய்மாமன் எடுத்துப் போனால்தான் அழகு என்று உன் அக்கா மேலே வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். நீ வெங்காயமே சேர்க்காதவன் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "சாப்பிடச் சொல்லலையே, தூக்கத்தானே சொல்றேன்" என்கிறாள். பழைய வேஷ்டியாக ஒன்று எடுத்து வை.