முந்நூற்றைம்பத்திரண்டு ஜன்னலிலும் ஒரே ஆள்

முந்நூற்றைம்பத்திரண்டு ஜன்னலிலும் ஒரே ஆள் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார்.

ஜாஸ்மி கம்ப்யூட்டர் திரையில் மூக்கு முட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள். பதினாறு பெட்டி. பெட்டிக்கு இரண்டு பக்கமும் சேர்த்து இருபத்திரண்டு ஜன்னல். ஒன்றில்கூட ஆள் மாறவில்லை. வடையும் குறையவில்லை.

"ஜன்னலெல்லாம் பிரமாதமுங்க," என்று ஈரோட்டிலிருந்து முருகதாஸ் போனில் குரல் செய்தி அனுப்பியிருந்தார். ரயில் ஓட்டும் விளையாட்டுக்குப் புதுப் பெட்டிகளும் ஸ்டேஷன்களும் செய்து சேர்க்கிற குழுவுக்கு அவர்தான் தலைவர். "கம்பியில இருக்கற துரு, கண்ணாடி மூலையில இருக்கற அழுக்கு, அப்படியே நெசமாட்டம் இருக்குது. ஆனா உள்ள ஒருத்தரு என்னமோ தின்னுட்டிருக்காரே, யாருங்க அது? ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு வெளியிடறோம். அதுக்குள்ள ஒருக்கா பாத்துருங்க. வண்டி கிளம்பறதுக்கு முன்னால 'ஜன்னல்கள்: ஜாஸ்மி, இரணியல்'னு திரையில வருமுங்க."

அந்தக் கடைசி வரியை மட்டும் ஜாஸ்மி பலமுறை திருப்பித் திருப்பிக் கேட்டாள். ரேஷன் கார்டையும் வாக்காளர் பட்டியலையும் விட்டால் அவள் பெயர் வேறெங்கும் அச்சில் வந்ததில்லை. மார்த்தாண்டத்து ஜவுளிக்கடையில் மூன்று மாதம் வேலை பார்த்தாள். வாடிக்கையாளரிடம் சிரித்துப் பேசத் தெரியவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு, அண்ணன் ஷிஜின் கத்தாருக்குப் போகும்போது விட்டுப்போன கம்ப்யூட்டர்தான் அவளுக்கு எல்லாம். அம்மா ராஜபாய்க்கு மட்டும் அது "சவத்துப் பெட்டி".

ஜன்னல் செய்கிற வேலை வெளியே சொன்னால் யாருக்கும் புரியாது. மூன்று வாரத்துக்கு முன்பு குழித்துறை ஸ்டேஷனில் நின்ற பாசஞ்சர் வண்டியின் ஒரு ஜன்னலைப் படம் எடுத்தாள். சாரல் அடித்ததால் கண்ணாடி இறக்கியிருந்தது. அந்த ஒரு படத்தை வெட்டிச் சீராக்கிக் கொடுத்தால் போதும். விளையாட்டு அதையே எல்லா ஜன்னலிலும் ஒட்டிக்கொள்ளும். துரு தத்ரூபமாக வர வேண்டுமென்று மூன்று வாரமும் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தவள், கம்பிக்குப் பின்னால் பார்க்கவில்லை.

இப்போது பார்த்தாள். வெள்ளைத் துவர்த்துத் துண்டு போட்ட மங்கலான தலை. தூக்கிய முழங்கை. வாய்க்கு நேராகத் தவிட்டு நிறத்தில் ஏதோ ஒன்று.

"பெரியப்பா!" என்றாள் தன்னை அறியாமல்.

நேசையன் பெரியப்பா சபையின் செயலாளர். இது ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்புக் காலம். நாற்பது நாளும் பகலில் பச்சைத் தண்ணீர் மட்டும் என்று சபையார் முன்னால் எழும்பி நின்று பொருத்தனை செய்தவர்கள் மூன்று பேர். செயலாளர் நேசையன், பொருளாளர் யோவான், பாடகர் குழுத் தலைவர் தாசையன். சபைக் கோயிலுக்குக் கீபோர்டு வாங்க மூவரும் திருவனந்தபுரம் போனது ஜாஸ்மி படம் எடுத்த அதே நாளில், அதே வண்டியில். பாதையெல்லாம் தனியாக ஜெபித்துக்கொண்டு போக வேண்டுமென்று ஆளுக்கொரு பெட்டியில் ஏறியிருந்தார்கள்.

ஆளை அழித்துவிடலாம் என்று பார்த்தாள். முகத்தின் மேல்தான் கண்ணாடியின் அழுக்கு அத்தனையும் இருந்தது. ஆளை அழித்தால் அழுக்கு போகும், அழுக்கு போனால் ஜன்னல் புதுக் கல்யாண மண்டபத்து ஜன்னல் மாதிரி ஆகிவிடும். அதனால் கண்ணாடியைக் கொஞ்சம் கறுப்பாக்கி அனுப்பினாள்.

தலை இருட்டில் மறைந்தது. கண் மட்டும் இரண்டு வெள்ளையாகத் தெரிந்தது. அடுத்த தெரு ஜெரிஷும் அந்த விளையாட்டை ஆடுகிறவன்; வெளியிடுவதற்கு முன்னால் குழு சோதனைக்கு விடுகிற வண்டி அவனுக்கும் கிடைக்கும். அவன் அதைப் படம் பிடித்து, "நம்ம ஜாஸ்மியக்கா செய்த பேய் வண்டி" என்று எழுதி, சபை வாலிபர் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டான்.

மறுநாள் காலையில் பொருளாளர் யோவான் அடுக்களை வாசல் வழியாக வந்தார்.

"பிள்ளே, அம்மை இல்லியா?"

"சந்தைக்குப் போயிருக்கு மாமா."

"அது நல்லதாப் போச்சு." அவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்க மூஞ்சிய வண்டியில இருந்து எடுக்கணும், மக்களே."

"உங்களுக்க மூஞ்சியா?"

"இருட்டுல கண்ணு மட்டும் தெரியுதுல்லா? அது எனக்க அப்பனுக்க கண்ணு. இந்த ஊருல எங்க குடும்பத்துக்கு மட்டும் உள்ள கண்ணு. பிறவு அந்த முட்டை பப்ஸ்..."

"எந்த முட்டை பப்ஸ்?"

யோவான் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்திய விரல்களின் இடுக்கு வழியாக, "ஒரு கடிதான் மக்களே. சர்க்கரை குறஞ்சு தலை சுத்திச்சு. மத்த ரெண்டு பேருக்கும் தெரியப்பிடாது, கேட்டியா?" என்றார்.

ஜாஸ்மிக்குத் தலை சுற்றியது. கறுப்பைக் குறைத்து, கண்களை மறைப்பதற்காகக் கண்ணாடியின் மேல் மழைத்துளிகளை வழியவிட்டாள். துளிகள் சரியாக அந்த ஆளின் கண்ணிலிருந்து தொடங்கிக் கன்னத்தில் இறங்கின. முந்நூற்றைம்பத்திரண்டு பேரும் தின்றுகொண்டே அழுதார்கள். ஜெரிஷ் அதையும் விடவில்லை. "மனந்திரும்பிய பயணி" என்று போட்டான்.

மத்தியானம் தாசையன் வந்தார். கோயிலில் அவர் பாடத் தொடங்கினால் ஓட்டுக் கூரையிலிருந்து புறா பறக்கும். இப்போது அவருடைய தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

"அழுதுட்டே தின்னத எப்பிடிட்டி படம் பிடிச்ச?"

"யாரு மாமா அழுதா?"

"நான்தான். சூடு பழம்பொரி. அவசரத்துல முழுசா வாயில போட்டுட்டேன். நாக்கு வெந்து கண்ணுல இருந்து தண்ணி கொட்டிச்சு. ஆனா ஒருத்தரும் பாக்கலேன்னு நெனச்சேன்."

"மாமா, அது நீங்க இல்ல போலுக்கு."

"என்னைய எனக்குத் தெரியாதா? அந்த வாயத் தொறந்து வச்சிருக்க லட்சணத்தப் பாரு. உச்ச ஸ்தாயியில நிக்கும்போ எனக்க வாய் அப்பிடித்தான் இருக்கும்."

அவர் போன பிறகு ஜாஸ்மி படத்தை மறுபடி பார்த்தாள். வாய் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. யோவான் மாமாவுக்குப் பப்ஸ், தாசையன் மாமாவுக்குப் பழம்பொரி. அவளுக்கு வடை. இனி யார் வந்து என்ன சொல்வார்களோ என்று பயந்து, மழையைத் துடைத்துவிட்டு ஷட்டரைப் பாதிவரைக்கும் இறக்கினாள். தலையே போயிற்று. ஷட்டருக்குக் கீழே ஒரு கையும் அந்தத் தவிட்டு நிறப் பொருளும் மட்டும் மிஞ்சின. ஜெரிஷ் அதையும் குழுவில் போட்டான்.

தலை இருந்தபோது வராத பெரியப்பா, கை மட்டும் மிஞ்சியதும் வந்துவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏட்டி! எனக்க கைய ஊருக்கெல்லாம் காட்டி வச்சிருக்கியா?"

"பெரியப்பா, கையில என்ன அடையாளம் இருக்கு?"

"அடையாளம் என்னத்துக்கு? பருப்பு வடைய ரெண்டு விரலால பிடிக்கது இந்த ஊருல நான் மட்டும்தான். எண்ணெய் ஒட்டப்பிடாதுன்னு..." அவர் நிறுத்தினார். சத்தத்தை உயர்த்தினார். "அந்தக் கதையெல்லாம் வேண்டாம்! நாளைக்கி மூணு மணிக்குக் கமிட்டி இங்க வருது. எங்க கண்ணு முன்னால அந்த ஜன்னல முழுசா அழிக்கணும். இல்லேன்னா பெட்டியத் தூக்கிச் சபை ஆபீசுல வச்சிருவேன்."

"ஜன்னல அழிச்சா எனக்க பேரு வராதே பெரியப்பா."

"பேரா? பொம்பளப் பிள்ளைக்க பேரு ரயில்ல என்னத்துக்கு?"

அவர் போனதும் ராஜபாய் புளியை உருண்டை பிடித்தபடி வந்தாள். "அழிச்சிரு மக்கா. அவரு சொன்னாச் சொன்னதுதான். ஒரு ஜன்னலுக்காவ வீட்டுல சண்டை வேண்டாம்."

"ஒரு ஜன்னல் இல்லம்மா. முந்நூத்தம்பத்திரண்டு."

"நீ எதிர்த்துப் பேசுகியா?" ராஜபாய்க்குக் கோபத்தைவிட ஆச்சரியமே அதிகமாக இருந்தது. பிள்ளை இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்த ஜாஸ்மி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். திரையில் நின்றது அவள் செய்த ஜன்னலே இல்லை. மூன்று பேருக்குப் பயந்து மூன்று விதமாக மூடின ஜன்னல். மூன்று வாரம் பார்த்துப் பார்த்து உண்டாக்கிய துரு ஷட்டருக்குப் பின்னால் கிடந்தது. அவளுக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. ஷட்டரைத் தூக்கி எறிந்தாள். கறுப்பில் மிச்சமிருந்ததையும் எடுத்தாள். குழித்துறையில் கண்ட ஜன்னல் அப்படியே திரும்பி வந்தது, உள்ளே இருந்த ஆளோடு.

மூன்று மணிக்குக் கமிட்டி வந்தது. மூன்று நாற்காலி, மூன்று வெள்ளை வேட்டி. ராஜபாய் மூன்று தம்ளரில் பச்சைத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பெரியப்பாவோடு ரத்தினம் பெரியம்மையும் வந்திருந்தாள். அவளை யாரும் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை. கறிவேப்பிலை பறித்துப் போகலாமென்று வந்தவள் நடையில் நின்றாள்.

பெரியப்பா ஜெபம் செய்து கூட்டத்தைத் தொடங்கினார். ஜெபம் நாலு மணிவரைக்கும் நீண்டது. புத்திமதி நாலு ஐம்பதுவரைக்கும் நீண்டது. கடைசியில், "அழி," என்றார்.

"அழிக்க மாட்டேன்," என்றாள் ஜாஸ்மி.

ராஜபாயின் கையிலிருந்த தட்டு கீழே விழுந்து உருண்டுபோய் யோவானின் காலடியில் நின்றது.

"என்ன சொன்ன?"

"அழிக்க மாட்டேன்னு சொன்னேன் பெரியப்பா. உள்ள இருக்கது யாருன்னு ஒருத்தர் எழும்பிச் சொல்லட்டு. 'அது நான்தான், எடுத்திரு'ன்னு சொன்னா எடுக்கேன். வேற ஒண்ணுக்கும் எடுக்க மாட்டேன்."

மூன்று பேரும் தண்ணீர் குடித்தார்கள். யோவான் தாசையனைப் பார்த்தார். தாசையன் மின்விசிறியைப் பார்த்தார். ஒருவரும் எழும்பவில்லை.

"பெரியவங்களுக்க முன்னால இப்பிடியாட்டி பேசுகது?" என்றார் பெரியப்பா.

"நான் பேசல. கேக்கேன். யாருன்னு தெரியாத ஆளு என்ன தப்பு செய்தாரு? டிக்கெட் எடுத்து ஏறினாரு. பசிச்சிருக்கும், தின்னுகாரு. அவரு எதுக்கு ஷட்டருக்குப் பின்னால போய் ஒளியணும்? எல்லா ஜன்னல்லயும் இருக்கட்டு. ஊரே பாக்கட்டு. யாரு சொன்னாலும் அந்த ஆள நான் இறக்கிவிட மாட்டேன்!"

நாலு ஐம்பத்தெட்டு. அவள் பொத்தானை அமுக்கினாள். "அனுப்பியாச்சு," என்றாள்.

ஐந்து மணி தாண்டி இரண்டு நிமிடத்தில் போன் அழைத்தது. "வெளியிட்டாச்சுங்க!" என்று முருகதாஸின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "இப்பவே நானூறு பேரு ஏறிட்டாங்க. உள்ள இருக்கறவரு இருந்தாத்தான் வண்டிக்கே உசுரு வருதுங்க!"

நேசையன் பெரியப்பா நாற்காலியிலிருந்து சரிந்து முழங்காலில் விழுந்தார். "ஆண்டவரே, அந்தப் பருப்பு வடை நான்தான்! மன்னிச்சிரும்!"

"பருப்பு வடையா?" யோவான் துள்ளி எழும்பினார். "என்ன ஓய் பேசுகீரு? அது முட்டை பப்ஸ். அது நானாக்கும்!"

"ரெண்டு பேருக்கும் கண்ணு போச்சா?" தாசையனுக்குத் தொண்டை திறந்துவிட்டது. "அது பழம்பொரி! எனக்க வாயத் திறந்து காட்டட்டுமா?"

"எனக்க விரலப் பாரும்!"

"எனக்க கண்ணப் பாரும் ஓய்!"

இவ்வளவு நேரமும் வேண்டாமென்று கிடந்த அந்த முகத்துக்கு இப்போது மூன்று பேர் அடித்துக்கொண்டார்கள். ராஜபாய் தட்டை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். மெதுவாகக் கேட்டாள்.

"அப்பம் மூணு பேரும் தின்னியளா?"

பெரியப்பா முழங்காலிலேயே இருந்தார். யோவான் உட்கார்ந்தார். தாசையன் வாயை மூடினார். பெட்டியைத் தூக்குவதைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜாஸ்மி விளையாட்டைத் திறந்தாள். திரையில் 'ஜன்னல்கள்: ஜாஸ்மி, இரணியல்' என்ற எழுத்து வந்து மறைந்தது. வண்டி ஊதியது. முந்நூற்றைம்பத்திரண்டு ஜன்னலோடும் நகர்ந்தது.

அப்போதுதான் ரத்தினம் பெரியம்மை கறிவேப்பிலைக் கொத்தோடு உள்ளே வந்தாள். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துப் பார்த்தாள். பிறகு கணவரையும் மற்ற இரண்டு பேரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, ஜாஸ்மியின் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி, கண்ணாடிக்கு உள்ள ஒரு ஆளுமே இல்ல, தலையில துவர்த்தப் போட்டு, மூஞ்சிக்கு நேரா தவிட்டு உறை போட்ட போனத் தூக்கிப் பிடிச்சிட்டு, கண்ணாடியில தெரியது நீயில்லா!"