சி டிரைவில் இடமில்லை

"சி டிரைவ் சிவப்பாயிடுச்சு" என்றார் நூலகர், கணினித் திரையைக் காட்டி.

"ஒரு வாரமா அப்படித்தாங்க இருக்கு. நீங்க தொடாதீங்க" என்றாள் மனைவி, செருப்பை மாட்டிக்கொண்டே. "பல் டாக்டர்கிட்ட போயிட்டு மூணு மணிக்குள்ள வந்துடுவேன். அஞ்சு மணிக்கு நாவலை அனுப்பணும். இன்னைக்கும் வரலைன்னா புத்தகத்தையே பட்டியல்லேர்ந்து எடுத்துடுவேன்னு பதிப்பாளர் சொல்லிட்டார்."

"கொலைகாரன் யாருன்னு மட்டும் சொல்லிட்டுப் போயேன்."

"அச்சாகி வரும்போது படிச்சுக்கோங்க. கம்ப்யூட்டரைத் தொடாதீங்க."

கதவைச் சாத்தியவள், மறுபடி திறந்து தலையை மட்டும் நீட்டி மூன்றாவது தடவையும் சொன்னாள். மூன்று தடவை சொல்லப்பட்ட எதையும் விட்டுவைக்கிற மனிதர் அல்ல அவர்.

ஒன்பது மாதமாக மனைவி எழுதும் துப்பறியும் நாவல் அது. ஒரு பங்களா, இரண்டு பிணங்கள், ஐந்து பேர்மேல் சந்தேகம். சாப்பிடும்போதெல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டார். தோட்டக்காரனா என்றால் சிரிப்பாள். டாக்டரா என்றால் அதற்கும் அதே சிரிப்பு. அந்தச் சிரிப்பை அலசி அலசியே அவருக்குப் பாதித் தூக்கம் போயிருந்தது.

மீதித் தூக்கம் இப்போது சி டிரைவால் போய்விடும்போல இருந்தது. இருபத்தாறு வருடம் புத்தகங்களை அடுக்கிய கை. சமையல் புத்தகம் சட்டப் புத்தக வரிசையில் நின்றால், தாண்டிப்போக அவர் கால்களுக்கு வராது.

கணினிக்குள் மூன்று டிரைவ்கள். சி நிரம்பி வழிந்தது. டி காலி. இ பாதி காலி. ஒரே அறையில் பத்துப் பேர் நெருக்கியடித்துக்கொண்டு படுத்திருக்க, பக்கத்து அறைகள் பூட்டிக்கிடந்தால் எந்தக் குடும்பத் தலைவன் பார்த்துக்கொண்டிருப்பான்?

திட்டம் எளிமையானது. ஆபரேட்டிங் சிஸ்டம் சியில் இருக்கட்டும். புரோகிராம்கள் டிக்குப் போகட்டும். கோப்புகளுக்கு இ.

முன்ஜாக்கிரதையாக, திரையில் 'நாவல்' என்றிருந்த சின்னப் படத்தை முதலில் பென்டிரைவில் நகலெடுத்தார். ஒரே நொடியில் ஏறிவிட்டது. அளவு ஒரு கேபி என்றது. இவ்வளவு பெரிய கதையை இவ்வளவு சுருக்கமாக எழுதியிருக்கிறாளே என்று மனைவிமேல் மரியாதை கூடியது.

பிறகு புரோகிராம்களை வெட்டி டியில் ஒட்டப் போனார். 'இதற்கு நிர்வாகியின் அனுமதி தேவை, தொடரலாமா' என்று கணினி கேட்டது. அந்த வீட்டில் அவரை யாரும் நிர்வாகி என்று நினைத்ததே இல்லை. மகிழ்ச்சியோடு 'தொடர்' என்பதை அழுத்தினார். அது கேட்கக் கேட்க, இவர் அழுத்த அழுத்த, பன்னிரண்டு மணிக்கு சியின் சிவப்பு நீலமானது.

சும்மா பார்ப்பதற்காக எழுத்துப் புரோகிராமைத் திறந்தார். திறக்கவில்லை. அதன் படம் வெள்ளைத் தாளாக மாறி, முன்பின் தெரியாதவரைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தது.

மைத்துனனுக்குப் போன் போட்டார். மனைவியின் தம்பி, கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன்.

"மாப்ளே, புரோகிராமெல்லாம் டிக்கு மாத்தினேன். திறக்க மாட்டேங்குது."

"வெட்டி ஒட்டினீங்களா மாமா?"

"வேற எப்படி?"

மறுமுனையில் அவன் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறான் என்று அவருக்குத் தெரியாது.

"அப்படியெல்லாம் எடுத்து வைக்கக் கூடாது மாமா. ஒவ்வொரு புரோகிராமும் தன்னோட சாமான் எங்கெங்க இருக்குன்னு ஒரு கணக்கு வெச்சிருக்கும். நீங்க சொல்லாம வீடு மாத்திட்டீங்க."

"நாவலைப் பத்திரமா பென்டிரைவுல எடுத்து வெச்சுட்டேன். அதுவரைக்கும் நிம்மதி."

"எவ்வளவு சைஸ் காட்டுது?"

"ஒரு கேபி."

"அது வீடு இல்ல மாமா. வீட்டுக்கு வழி எழுதின போர்டு. போர்டைப் பிடுங்கிப் பையில வெச்சிருக்கீங்க."

நூலகர் பென்டிரைவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீ உடனே கிளம்பி வாயேன்."

"சாயங்காலம் வரேன். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க" என்றான் அவனும். அக்காவுக்குத் தப்பாத தம்பி.

எதையும் தொடாமல் இவர் உட்கார்ந்திருந்தது நான்கு நிமிடம். சாமான் எங்கெங்கோ கிடப்பதுதானே சிக்கல்? அப்படியானால் சாமானை ஒன்றுசேர்த்துவிட்டால் சரியாகிவிடும். சி டிரைவுக்குள் மீண்டும் நுழைந்து தேடினார். பெயருக்குப் பின்னால் டி.எல்.எல். என்ற ஒரே குடும்பப் பெயரோடு, புரோகிராம்களின் துணைக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் மூலைக்கொன்றாகச் சிதறிக் கிடந்தன. அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். இளகிய மனசுக்காரர். கையில் சிக்கிய அத்தனை பேரையும் அள்ளி, டியில் ஒரே அறையில் குடிவைத்தார்.

திரையிலிருந்த எழுத்துகள் சதுரம் சதுரமாக மாறின. கடிகாரம் நின்றது.

சதுரங்களுக்கு நடுவே தடவித் தடவி இ டிரைவுக்குப் போனார். நாவலின் அசல் அங்கேதான் இருக்க வேண்டும். நல்லவேளை, கோப்புறைகளின் பெயர்கள் மட்டும் எப்படியோ படிக்கும்படி இருந்தன. ஒரு உறைக்குப் பெயர் 'தொடவேண்டாம்'. திறந்தார். உள்ளே இன்னொரு உறை: 'சொன்னேன் அல்லவா'. அதற்குள் 'உங்களைத்தான்'. யாரோ பின்னால் நிற்பதுபோல அவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார். அதற்குள் 'சரி, வந்தது வந்தாயிற்று'. அதற்குள் ஒரே ஒரு கோப்பு. நாவல்.

கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்துவிடலாம் என்று இருமுறை தட்டினார். வெள்ளைத் தாள் அசையவில்லை. கொலைகாரன் ஒரு விரல்கடை தூரத்தில் இருந்தான். திறக்கத்தான் சாவி இல்லை.

கணினியை அணைத்துப் போட்டால் தெளியும் என்று யாரோ எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. அணைத்தார். போட்டார். முழுத் திரையும் கறுப்பு. மேல் மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

மூன்று மணிக்கு மனைவி வந்தாள். திரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"திட்டிடு" என்றார் நூலகர். "எதையாவது சொல்லு."

"திட்டி என்ன ஆகப்போகுது. போன மாசம் பதிப்பாளர்கிட்ட காய்ச்சல்னு சொன்னேன், அதுக்கு முந்தின மாசம் கைவலின்னேன். இப்ப கம்ப்யூட்டர் போச்சுன்னு நான் சொன்னா அவர் நம்புவாரா?"

"நீ சொல்ல வேணாம். பண்ணது நான். நானே பேசறேன்."

"உங்களுக்கு எதுக்குங்க அந்தச் சங்கடம்" என்றவள், அதற்குள் எண்ணைப் போட்டுப் போனை அவர் கையில் கொடுத்திருந்தாள்.

நூலகர் எதையும் மறைக்கவில்லை. வெட்டியது, ஒட்டியது, டி.எல்.எல். குடும்பத்தைச் சேர்த்துவைத்தது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். "அவ மேல ஒரு தப்பும் இல்லைங்க. ஒன்பது மாசம் உட்கார்ந்து எழுதினா. பட்டியல்லேர்ந்து எடுத்துடாதீங்க" என்று முடித்தார்.

மறுமுனையில் பதிப்பாளர் நீண்ட மூச்சு விட்டார். "எழுத்தாளர்கள் சொல்ற காரணமெல்லாம் கேட்டிருக்கேன் சார். அவங்க வீட்டுக்காரர் தானே வந்து ஒப்புக்கிறது இதுதான் முதல் தடவை. பத்து நாள் தரேன். அதுக்குள்ள மீட்டுடுங்க."

நூலகர் போனை வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். மனைவி அவர் தோளைத் தட்டிவிட்டு டீ போட உள்ளே போனாள். பல் பிடுங்கிக்கொண்டு வந்தவள் முணுமுணுப்பாகப் பாடியது அவருக்கு வியப்பாக இருந்தது.

சாயங்காலம் மைத்துனன் வந்து கணினியின் ஹார்டு டிஸ்கைக் கழற்றித் தன் மடிக்கணினியில் மாட்டினான். "கோப்பு பத்திரமா இருக்கு மாமா" என்று நாவலைத் திறந்து காட்டினான்.

நூலகர் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் பாய்ந்தார். பங்களாவின் கூடத்தில் ஐந்து பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். துப்பறிபவர் எழுந்து நிற்கிறார். 'கொலைகாரர் இந்த அறையிலேயே இருக்கிறார்' என்று விரலை நீட்டுகிறார். அதோடு வெள்ளை.

"போச்சு மாப்ளே" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். "கடைசி அத்தியாயத்தை அழிச்சுட்டேன்."

மைத்துனன் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அழியறதுக்கு எழுதினாத்தானே மாமா, கொலைகாரன் யாருன்னு அக்காவுக்கே இன்னும் தெரியல, பத்து நாளாவது வேணும், அதனால நாளைக்கு உன் மாமாவைக் கம்ப்யூட்டரோட தனியா விட்டுட்டுப் போறேன்னு நேத்தே எனக்குப் போன் பண்ணிடுச்சு."