நாளொன்றுக்கு நாற்பது சாரி

மனிதர்களில் சாரிக்காரர் என்றொரு இனம் உண்டு. அபூர்வமான இனம் என்று நினைத்துவிடாதீர்கள். செங்கல்பட்டிலிருந்து காலையில் கிளம்புகிற மின்சார ரயிலில் பெட்டிக்கு அறுபது பேராவது தேறுவார்கள். பார்த்தவுடன் அடையாளம் தெரியாது. உங்கள் காலை மிதிக்கும்வரை காத்திருக்க வேண்டும். மிதித்ததும் "சாரி" என்பார். சொன்ன திருப்தியில் காலை எடுக்க மறந்துவிடுவார். அவர்தான்.

மாதிரிக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். பெயர் கிருபாகரன், வயது நாற்பத்தொன்று, வீடு செங்கல்பட்டில். பொத்தேரியில் மாணவர்கள் தங்கும் ஒரு தனியார் விடுதியின் அலுவலகத்தில் உத்தியோகம். குழாயில் வெந்நீர் வரவில்லை என்று மாணவர்கள் வந்து நின்றால் அவர் தருகிற முதல் பொருள் சாரி. மறுநாளும் வரவில்லையா? மறுபடியும் சாரி. வெந்நீர் தீர்ந்துபோகும், சாரி தீராது. சராசரியாக நாளொன்றுக்கு நாற்பது. மழைக்காலத்தில் கொஞ்சம் கூடும்.

ஆனால் ஒரே சொல்லை நாற்பது முறை சொல்கிறார் என்று மட்டும் குறைத்து மதிப்பிட்டுவிடாதீர்கள். இடத்துக்கு இடம் அதற்கு அவர் கொடுக்கிற வேலை வேறு. ரயிலில் தோளால் இடித்துக்கொண்டே சொல்கிற சாரிக்கு 'தள்ளி நில்' என்று பொருள். ஓட்டலில் 'சாரி, கொஞ்சம் சாம்பார்' என்றால் அது சர்வரைக் கூப்பிடும் கைதட்டல். போனில் 'சாரீ?' என்று இழுத்தால் காது கேட்கவில்லை. அலுவலகக் கூட்டத்தில் 'சாரி டு சே' என்று தொண்டையைச் செருமினால் அடுத்து யாரையோ வசமாகத் திட்டப்போகிறார். துக்க வீட்டுக்குப் போனால் இறந்தவருடைய மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, ஏதோ தானே தள்ளிவிட்டுக் கொன்ற மாதிரி, தழுதழுத்த குரலில் 'சாரிப்பா' என்பார். செய்யாத தப்புக்கே இப்படி உருகுகிறவர் செய்த தப்புக்கு எப்படியெல்லாம் உருகுவார் என்று நினைப்பீர்கள்.

அங்கேதான் ஏமாந்தீர்கள்.

சாரிக்கு நெருங்கிய சொந்தங்கள் சிலவும் அவர் வாயில் குடியிருக்கின்றன. 'ட்ரை பண்றேன்' என்றால் வரமாட்டார். 'கண்டிப்பா ட்ரை பண்றேன்' என்றால் கண்டிப்பாக வரமாட்டார். 'டோன்ட் வொர்ரி' என்று எப்போது சொல்கிறாரோ அப்போதிலிருந்து நீங்கள் கவலைப்பட ஆரம்பிக்கலாம். இவர்கள் எல்லோரையும்விடச் செல்லப்பிள்ளை ஒன்று உண்டு: 'ஆன் த வே'. இதைக் கிருபாகரன் பாதி நேரம் வேட்டி தேடிக்கொண்டே சொல்வார்.

இந்தச் செல்லப்பிள்ளைதான் அவரை மாட்டிவிட்டது.

கிருபாகரனுக்கு ஒரே அக்கா. பெயர் ஹெலன். கருங்குழியில் வீடு, உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். ஓடுகிற பெல்ட்டில் வருகிற நூறு சாமானில் கோணலான ஒன்றை முகத்தைத் திருப்பாமலே எடுத்துப் போடுகிற கண் அவளுக்கு. அவள் மகள் அன்பரசிக்கும் செய்யூர்ப் பையன் ஜோயலுக்கும் சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நிச்சயம். பெண் வீட்டுத் தட்டைத் தாய்மாமன்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்தக் குடும்பத்தில் அதில் மாற்றுப் பேச்சே கிடையாது. வேதத்தில் கைவைத்துப் பாஸ்டர் ஜெபம் பண்ணலாம், பெரியவர்கள் கூடிப் பேசலாம். தட்டு மட்டும் மாமன் கைக்காகக் காத்திருக்கும்.

அன்றைக்கென்று விடுதி ஊழியர்களை மாமல்லபுரம் கடற்கரைக்கு ஒரு நாள் உல்லாசப் பயணமாக அழைத்துப் போனார்கள். காலையில் போய்விட்டு மூன்று மணிக்குக் கிளம்பினால் நாலரைக்குக் கருங்குழி என்று கிருபாகரன் கணக்குப் போட்டார். கணக்கு சரிதான். கிளம்பவில்லை.

ஐந்து மணிக்கு அக்கா போன் செய்தாள். "ஆன் த வேக்கா." ஐந்தரைக்குச் செய்தாள். "ஆன் த வே, ஆன் த வே." ஆறு மணிக்குச் செய்தாள். "டோன்ட் வொர்ரிக்கா, ஆன் த வே."

சம்பந்தி வீட்டுப் பெரியவர் மூன்று முறை "தாய்மாமன் எங்கம்மா?" என்று கேட்டார். மூன்று முறையும் ஹெலன், "வழியில வந்துகினே கீறாருங்க" என்றாள். இங்கேதான் நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிருபாகரன் வாயில் ஆன் த வே வெறும் காற்று. பெருமூச்சு மாதிரி, கொட்டாவி மாதிரி. அதையே அக்கா சபையில் தமிழில் சொன்னதும் அது பொய்யாகிவிட்டது. அதுவும் அவளுடைய பொய். ஆறே முக்காலுக்கு, இருட்டிவிட்டதே என்று, பக்கத்து வீட்டு ஆபிரகாம் கையில் தட்டைக் கொடுத்து முடித்தார்கள். ஆபிரகாம் நல்ல மனிதர். ஆனால் அவர் யாருக்கும் மாமன் இல்லை.

மறுநாள் காலை கிருபாகரன் பெரிய மனதோடு ஒரு செய்தி அனுப்பினார்: 'சாரிக்கா. செம ட்ராஃபிக்.' பக்கத்தில் கும்பிடும் கை மூன்று.

பதில் இரண்டு வாரமாக வரவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம் போனே வந்தது.

"டேய், பத்திரிகை அடிக்கக் குடுத்துக்கீறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மெஷின் ஏத்திடுவாராம் எல்லப்பண்ணன். தாய்மாமன்னு போட்டு அந்த எடத்த வெறும் புள்ளியா வெச்சிருக்கச் சொல்லிக்கீறேன்."

"புள்ளியா? ஏங்க்கா? எம் பேரு..."

"உன் பேரு வரணும்னா ஆறு மணிக்குள்ள நேர்ல வந்து மன்னிப்பு கேளு."

"அதான் அன்னிக்கே சாரி சொன்னேனேக்கா!"

"பாத்தேன், பாத்தேன். செக் பண்ணேன். ரிஜெக்ட். ரயில்ல கால மிதிச்சாலும் அதான், சாம்பாரு கேக்கவும் அதான், எனக்கும் அதானா? எனக்குத் தமிழ்ல வேணும்."

தமிழ்தான் வேண்டும் என்று கேட்டவள் செக், ரிஜெக்ட் என்று பேசியதைச் சுட்டிக்காட்டலாமா என்று கிருபாகரனுக்கு ஒரு கணம் தோன்றியது. தோன்றியதோடு நிறுத்திக்கொண்டார். இந்த இனத்துக்கும் உயிர் மேல் ஆசை உண்டு.

மனைவி பிரதீபாவிடம் முறையிட்டுப் பார்த்தார். "ஒரு வார்த்தைக்காக இவ்ளோ டென்ஷனா?"

"ஒரு வார்த்ததான? சொல்லிட்டு வந்துடு." சட்டையை எடுத்துக் கையில் கொடுத்தாள். "வரும்போது எனக்கும் ஒன்னு எடுத்துகினு வா. பதினாலு வருஷமா கேக்கணும்னு நெனச்சிகினு கீறேன்."

கருங்குழிக்குப் போகிற பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவர் ஒத்திகை பார்த்தார். 'மன்னித்து விடுங்கள்' என்றால் கடைசிக் காட்சியில் குண்டடிபட்டவன் பேசுகிற மாதிரி இருந்தது. 'வருந்துகிறேன்' என்றால் சாலையில் பள்ளம் தோண்டிவிட்டு வைக்கிற பலகை ஞாபகம் வந்தது. 'மன்னிச்சிடு' நன்றாகத்தான் இருந்தது, வாய்க்குள் இருக்கும்வரை. உதடு வரை வந்ததும் ஏதோ சட்டையைக் கழற்றிவிட்டுத் தெருவில் நிற்கிற மாதிரிக் கூச்சம். இத்தனைக்கும் ஞாயிறுதோறும் ஆலயத்தில் முழங்கால் போட்டு, இருநூறு பேரோடு சேர்ந்து, பாவ அறிக்கையைப் பிசிறில்லாத தமிழில் சொல்கிறவர்தான். அதில் ஒரு வசதி. இன்ன பாவம் என்று விவரம் சொல்ல வேண்டியதில்லை. இருநூறு குரலில் தன் குரல் தனியாகக் கேட்பதில்லை. கர்த்தரும் குறுக்குக் கேள்வி போடுவதில்லை.

ஹெலன் போடுவாள்.

ஐந்தே முக்காலுக்கு அவர் உள்ளே நுழைந்தபோது அக்கா கூடத்தில் உட்கார்ந்து, யார் யாருக்குப் பத்திரிகை என்று நோட்டில் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். மாமா தாவீது நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வா மச்சான், குந்து. மொதல்ல தண்ணி குடி. பரீட்சைக்குப் படிக்காம வந்தவனாட்டம் கீது மூஞ்சி."

தண்ணீரைக் குடித்தார். செம்பு காலியாகிவிட்டது. இனி ஒளிந்துகொள்ள ஒன்றும் இல்லை.

"அக்கா, சா..."

ஹெலன் பேனாவை உயர்த்தினாள். சொல்லைப் பாதியில் விழுங்கினார்.

"அன்னிக்கு ஒரு தப்பு நடந்துபோச்சுக்கா."

"அதுவா நடந்துச்சா? அதுக்கு இன்னா, காலு கீதா?"

தாவீது சுவர்ப்பக்கம் திரும்பி இருமினார்.

"இல்ல... தப்பு ஆயிடுச்சு."

"பாலு திரிஞ்சு போச்சுன்ற மாரி சொல்ற. யாரு பண்ணது?"

அந்த நேரம் பார்த்து நோட்டின் மேலிருந்த போன் அதிர்ந்தது. அச்சகத்து எல்லப்பன். ஸ்பீக்கரில் அவர் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "ம்மா, ஆறாவப் போவுது. அந்த மாமன் வரிய வெச்சுக்கவா, தூக்கிடவா? தூக்கிட்டா எடம் நல்லா கீது, ரெண்டு புறா போட்ருவேன்."

"பத்து நிமிஷம் இருண்ணே."

தன் இடத்துக்கு இரண்டு புறாக்கள் தயாராக இருக்கின்றன என்பது கிருபாகரனுக்கு உறைத்தது. அன்பரசி ஐந்து வயதில் காதுகுத்தும்போது உட்கார்ந்து அழுதது இவர் மடியில்தான். பத்திரிகையைப் பிரித்துப் பார்க்கும்போது அந்தப் பெண் தன் மாமனின் இடத்தில் புறாவைப் பார்ப்பாள். வாய்க்கு இங்கிலீஷ் வரவில்லை.

"நான்தான்க்கா தப்பு பண்ணேன்."

"இன்னா தப்பு?"

"ட்ராஃபிக்லாம் ஒன்னும் இல்ல. நீ போன் பண்ணப்ப பீச்சுல குந்திகினு இருந்தேன். சாயங்காலம் குலுக்கல்னு சொன்னாங்க. சீட்டுல எம் பேரு இருந்துச்சு. வருமோன்னு பாத்துகினே இருந்துட்டேன்."

ஹெலன் பேனாவை நோட்டின் மேல் போட்டாள்.

"வந்துச்சா?" தாவீதுக்கு அடக்க முடியவில்லை.

"வந்துச்சு மாமா. ஹாட் பாக்ஸு."

"எத்தினி லிட்டரு?"

"நீ சும்மா இருய்யா!" என்றாள் ஹெலன். பிறகு தம்பியைப் பார்த்து, குரல் இறங்கி, "ஒரு ஹாட் பாக்ஸுக்காடா?"

"ஆமாக்கா. நீ மூணு வாட்டி கேட்ட, மூணு வாட்டியும் வந்துகினு கீறேன்னு சொன்னேன். அதத்தான் நீ சபையில சொல்லிருப்ப. அவங்க முன்னாடி உன்னப் பொய் சொல்ல வெச்சிட்டேன். என்ன மன்னிச்சிடுக்கா."

சொல்லிவிட்டார். கூரை இடிந்து விழவில்லை. ஆனால் ஹெலனின் நிலைமையைப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் காத்திருந்த பொருள், கோணல் இல்லாமல், கீறல் இல்லாமல், கேட்ட மொழியிலேயே எதிரே வந்து நிற்கிறது. வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே? 'மன்னிச்சிட்டேன்டா தம்பி' என்று ஒரு வரி. நோட்டை மூடினாள்; திறந்தாள். பேனாவுக்கு மூடி தேடினாள். முந்தானையால் முகத்தை ஒரு துடை துடைத்து, சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஓகே ஓகே. வுடு. இட்ஸ் ஓகே."

தாவீது மனைவியையும் பார்த்தார், மச்சானையும் பார்த்தார். நல்ல மனிதர், மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பி இருமினார்.

போனை எடுத்தாள். "எல்லப்பண்ணே, எழுதிக்கோ. கிருபாகரன், செங்கல்பட்டு. ஆங், கன்ஃபார்ம். புறாலாம் வேணாம்." போனை வைத்துவிட்டுச் சமையலறையிலிருந்தபடியே சத்தமாகச் சொன்னாள்: "காபி குடிச்சிட்டுப் போ. கல்யாணத்தன்னிக்கு அந்த ஹாட் பாக்ஸ எடுத்துகினு வா. என்னப் பொய் சொல்ல வெச்சுச் சம்பாரிச்சது, இந்த வூட்லதான் இருக்கணும்."

"ஷ்யூர்க்கா."

"இன்னாது?"

"எடுத்துகினு வரேன்க்கா."

கல்யாணத்தன்று காலை ஆறரை மணிக்கே, பாஸ்டருக்கு முன்னால், கோயில் வாசலில் ஹாட் பாக்ஸோடு நின்றவர் கிருபாகரன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். திருந்திவிட்டார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். திங்கட்கிழமை ரயிலில் ஒருவரின் காலை மிதித்து, சாரி சொல்லி, காலை எடுக்க மறந்தார். வீட்டில் பிரதீபாவுக்குச் சேர வேண்டியது இன்னும் வழியில்தான் வந்துகொண்டிருக்கிறது.

போகட்டும், நம் விஷயத்துக்கு வருவோம். இதைப் படிக்கும்போது உங்களுக்கு ஒரு முகம் ஞாபகம் வந்திருக்கும். நம் கிருபாகரன் மாதிரியே ஒருவர் நம் ஆபீசில் இருக்கிறாரே என்றால் கவலையில்லை, நன்றாகச் சிரியுங்கள். ஆனால் வந்த முகம் ஹெலன் மாதிரி ஒருவருடையதாக இருந்தால்? ரொம்ப நாளாக உங்களோடு பேசாமல் இருக்கிற யாரோ ஒருவருடையதாக இருந்தால்? இதையே அவருக்கு ஃபார்வர்ட் செய்து, கீழே கும்பிடும் கை மூன்று வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று இந்தக் கணம் உங்களுக்குத் தோன்றுகிறதா?

காலை எடுங்கள். நீங்கள் யாரையோ மிதித்துக்கொண்டிருக்கிறீர்கள்.