முப்பத்தொன்றாம் தேதி வந்து இறங்கிய சீர்

ஊருக்கு வரும் பஸ் சின்னமனூரைத் தாண்டும்போதே சபதம் எடுத்துவிட்டேன். இந்தத் தடவையும் மனைவி முபீனாவைப் பெங்களூருக்குக் கூட்டிப்போகக் கூடாது!

காரணம் இருக்கிறது. அங்கே நானும் கம்பத்து அல்தாப்பும் ஒரே வீட்டில் ராஜாவாட்டம் இருக்கிறோம். அழுக்குச் சட்டை எங்கே கிடந்தாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை. கல்யாணமாகி எட்டு மாதம். முபீனா உத்தமபாளையத்தில், அவளுடைய கல்யாணச் சீர் கட்டுப்பிரிக்காமல் அவள் அத்தா, அதாவது என் மாமனார், வீட்டில். கேட்டால் 'ஆபீஸ் வேலை' என்பேன். நான் சாஃப்ட்வேர் கம்பெனியில் கணக்குப் பிரிவு. அது என்ன வேலை என்று எங்கள் ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் கம்பெனி என்றதும் பக்கத்து வீட்டு மதீனாக்கா ரிப்பேரான டிவியோடு வந்து நிற்கும்.

அன்றைக்கு மே முப்பத்தொன்று, ஞாயிற்றுக்கிழமை. காலையில் பசியாறிக்கொண்டிருந்தேன். இடியாப்பத்தை வைத்துக்கொண்டே முபீனா ஆரம்பித்தாள்.

"ஏங்க, அங்கன நீங்க கம்ப்யூட்டரு செய்றீகளா?"

"இல்லடி, கணக்கு."

"கம்ப்யூட்டருதான் கணக்குப் போட்ருமே. நீங்க எதுக்கு?"

"அது சரியாப் போடுதான்னு பாக்கணும்ல!"

"தப்பாப் போடுமா?"

"போடாது."

"பொறகு?"

என் மேனேஜர்கூட இப்படிக் கேட்டதில்லை. எனக்கு மானம் போய்விட்டது.

"இங்க பாரு. மாசக் கடைசி அன்னிக்கு ஆபீஸ் வாசல்ல சரக்கு வந்து இறங்குதுன்னு வையி. மேனேஜரு 'அடுத்த மாசக் கணக்குல வச்சுக்கலாம்ப்பா'ன்னு கெஞ்சுவாரு. விடமாட்டேன்!"

"ஏனாம்?"

"எண்ணிப் பாத்து கையெழுத்துப் போட்டு வாங்கியாச்சுன்னா அது இந்த மாசச் சரக்கு. தள்ளிப்போட முடியாது."

"பில்லு வரலைன்னா?"

"வராட்டியும்தான்."

"பெரிய மொதலாளியே வேணாம்னு சொன்னா?"

"கால்ல விழுந்தாலும் நடக்காது. கையெழுத்துன்னா கையெழுத்து!"

"அம்மாடி! எம்புட்டுப் பெரிய வேலை!" என்று கண்ணை விரித்தாள். எனக்கு நெஞ்சு நாலு அங்குலம் விரிந்தது. இதுதான் சமயம் என்று எடுத்துவிட்டேன்.

"இவ்வளவு நெருக்கடியில உன்னை எப்படிக் கூட்டிட்டுப் போக? அடுத்த வருசம் பாப்போம்."

அவள் சட்னி வைத்தாள். என் செல்போன் அடித்தது. பெங்களூரிலிருந்து அல்தாப்.

"ஹக்கீமண்ணே, பீரோ, கட்டிலு, கிரைண்டரு எல்லாம் லாரியில வந்துருச்சு. எங்கன வைக்க?"

"ஏலே, எவன் அனுப்புனது? திருப்பி அனுப்பு!"

"பதினோரு உருப்படியும் எண்ணிப் பாத்துக் கையெழுத்துப் போட்டுட்டேன். லாரியும் போயிருச்சு. அண்ணிதான் நேத்து போன்ல சொன்னாக. நான் நம்ம கூட்டாளி சேக் பரீத் ரூமுக்குப் போறேண்ணே. நீங்க குடும்பத்தோட நல்லா இருங்க."

திரும்பிப் பார்த்தேன். முபீனா கையில் ராத்திரி பஸ்ஸுக்கு இரண்டு டிக்கெட்.

"அத்தாதான் முந்தாநேத்து லோடு ஏத்தி விட்டாக. எட்டு மாசமா போன்லயே குடும்பம் நடத்துனது போதும்ங்க. அழுகையா வருது எனக்கு."

கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. எனக்கும் என்னமோ செய்தது. அந்த அழுக்குச் சட்டைகளையும் நினைத்துக்கொண்டேன்.

"அடுத்த மாசம் வச்சுக்கலாமேடி" என்று கெஞ்சிப் பார்த்தேன்.

முபீனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மேனேஜரு கெஞ்சுனாலே விடமாட்டீகளாமே. இன்னிக்கு முப்பத்தொண்ணுங்க."