நாற்பத்தெட்டு நிமிஷம் கூடுதல்

நீளமான படம்தான் நல்ல படம் என்று மனைவியின் வாயாலேயே சொல்ல வைக்காமல் விடுவதில்லை என்று கத்திரியார் சபதம் எடுத்தார். சாப்பாட்டு மேஜையில் வைத்து எடுத்த சபதம். மேஜையைத் தையல் மெஷின் பிடித்துக்கொண்டிருந்ததால், தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் எடுத்தார்.

கத்திரி என்பது ஆபீசில் வைத்த பெயர். பத்திரிகை ஆபீஸ். நிருபர்கள் வேர்க்க விறுவிறுக்க ஓடி எழுதிக்கொண்டு வரும் நாலு பக்கத்தை நாலு வரியாக்குவது அவர் உத்தியோகம். வெள்ளம் வந்தாலும் நாலு வரி, மந்திரி வந்தாலும் நாலு வரி. யாராவது அழுதால், "சுருக்கினா செத்தா போயிடும்?" என்பார்.

இப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு வீட்டுக்குள் கால் வைத்ததும் கொள்கை தலைகீழாகிவிடும். சினிமாவில் ஒரு நொடியைக்கூட எவனும் வெட்டக் கூடாது. தியேட்டரில் ஓடிய படமா? முகத்தைச் சுளிப்பார். அது தயாரிப்பாளருக்குப் பயந்து வெட்டினது. பிறகு டைரக்டர் ஆற அமர உட்கார்ந்து, தன் இஷ்டத்துக்கு நீட்டி வெளியிடுகிறாரே, அந்த டைரக்டர்ஸ் கட், அதுதான் படம். "நீட்டுறதுக்கு ஏங்க கட்னு பேரு?" என்று மனைவி ஒருமுறை கேட்டுவிட்டாள். அரைமணி நேரம் பதில் சொன்னார்.

கொள்கைக்கென்று ஓர் அறையே ஒதுக்கியிருந்தார். ஹாலை ஒட்டி, சோபாவுக்கு நேர் பின்னால் இருக்கும் அறை. ஜன்னல் உண்டு, வெளிச்சம் உண்டு, வராந்தா பக்கம் தனிக் கதவும் உண்டு. மனுஷர்தான் இல்லை. சுவர் முழுக்க டிஸ்க்குகள் குடியிருந்தன. ஒவ்வொரு படத்துக்கும் தியேட்டர் பதிப்பு ஒன்று, நீட்டின பதிப்பு ஒன்று, நீட்டினதையும் நீட்டின பதிப்பு ஒன்று.

அந்த அறையின் மேல் மனைவிக்கு ரொம்ப நாளாகக் கண். அவள் தையல்காரி. பெண்கள் அளவு கொடுக்க வரும்போதெல்லாம் கத்திரியார் சோபாவை விட்டு எழுந்து பால்கனிக்குப் போக வேண்டும். ஒரு கல்யாணக் கவுனுக்காக முக்கால் மணி நேரம் சாரலில் நின்றவர் அவர். அப்படியும் அறையை விட மனசு வரவில்லை. தச்சுவேலை பார்க்கும் மைத்துனன் இரண்டு தடவை டேப்போடு வந்து அறையை அளந்தான். இரண்டு தடவையும் கத்திரியார் காபி கொடுத்து வாசல்வரை கூடவே வந்து அனுப்பி வைத்தார். இப்போதோ ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடை மொத்தமும் அவள் கைக்கு வரப்போகிறது. துணியை வைக்க இடம் இல்லை.

"ஏங்க, அந்த ரூம்..."

"அது ரூம் இல்ல. நூலகம்."

"ஒரே படம் மூணு மூணா இருக்கே. ஒண்ணு பத்தாதா?"

"பத்தாது. இந்தச் சுரங்கப் படத்தையே எடுத்துக்க. தியேட்டர்ல வந்தது ரெண்டரை மணி நேரம். டைரக்டர் நீட்டினது மூணு மணி பதினெட்டு நிமிஷம். நாற்பத்தெட்டு நிமிஷம் கூட!"

"அந்த நாற்பத்தெட்டு நிமிஷத்துல என்ன நடக்குது?"

"தோண்டுறாங்க."

"அப்ப ரெண்டரை மணி நேரத்துல?"

"அதுலயும் தோண்டுறாங்க. இதுல ஆழமா தோண்டுறாங்க."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கத்திரியாருக்குச் சுருக்கென்றது. அப்போதுதான் அந்தச் சபதம்.

"சிரிக்காத. ஒரு தடவை என்கூட உக்காந்து முழுசா பாரு. நீளமானதுதான் நல்லதுன்னு நீயே சொல்லுவ. சொல்லிட்டா, அதுக்கப்புறம் அந்த ரூமை நீ கேக்கவே கூடாது."

"சொல்லலேன்னா?"

"ரூம் உனக்கு."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நடுவுல எந்திரிக்கலாமா?"

"மூச்! எந்திரிக்கக் கூடாது, திரும்பக் கூடாது, போனைத் தொடக் கூடாது. எந்திரிச்சவங்க தோத்தவங்க."

"நீங்களும்தானே?"

"நான் எதுக்கு எந்திரிக்கப்போறேன்?"

"அப்ப ஞாயித்துக்கிழமை வச்சுக்கலாங்க."

இவ்வளவு சுலபமாக அவள் தலையாட்டிய எந்தக் காரியமும் இதுவரை அவருக்கு நல்லபடியாக முடிந்ததில்லை. சந்தோஷத்தில் மனுஷனுக்கு அது ஞாபகம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அவள் மேஜையைச் சுத்தம் செய்து, மெஷினைத் தூக்கி வராந்தாவில் வைத்துவிட்டாள். "படம் பார்க்கிற இடம், நீட்டா இருக்கட்டுமே" என்றாள். கத்திரியாருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் சினிமாவுக்கு அவள் காட்டிய முதல் மரியாதை அது.

மத்தியானம் இரண்டு மணிக்குத் திரைச்சீலையை இழுத்து மூடினார். முன்னால் இரண்டு ஸ்பீக்கர், சோபாவுக்குப் பின்னால் இரண்டு ஸ்பீக்கர். படம் ஓடியது. முதல் அரைமணி நேரம் அவர் படத்தைப் பார்க்கவில்லை, பெண்டாட்டியைத்தான் பார்த்தார். அவள் எழுந்திருக்கவில்லை, நெளியவில்லை, கொட்டாவிகூட விடவில்லை. பிடித்து வைத்தமாதிரி உட்கார்ந்திருந்தாள்.

திடீரென்று முதுகுக்குப் பின்னால் 'க்ர்ர்ர்ர்' என்றது. கத்திரியார் அவள் கையைப் பிடித்தார்.

"கேட்டியா?"

"கேட்டேங்க."

"பின்னாடி ஸ்பீக்கர்லேர்ந்து வருது பாரு! தியேட்டர் பதிப்புல இந்தச் சத்தமே கிடையாது. டைரக்டர் புதுசா சேர்த்திருக்கார்."

"நம்ம வீட்டுச் சுவத்துலயே ஓட்டை போடுற மாதிரி இருக்குங்க."

"அதான்டி கலை!"

அடுத்த காட்சியில் சுரங்கமே இல்லை. கதாநாயகன் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து ஊருக்குக் கடிதம் எழுதுகிறான். அமைதியோ அமைதி. பின்னால் மட்டும் டக், டக், டக் என்று சுத்தியல். கத்திரியாருக்கே ஒரு நிமிஷம் குழம்பியது. திரும்பிப் பார்க்கத் தலை லேசாக அசைந்தது.

"திரும்பக் கூடாதுன்னு சொன்னீங்க" என்றாள் அவள்.

தலை நின்றது. மூளை வேலை செய்தது. "புரிஞ்சிடுச்சு! அவன் உடம்புதான் இங்க இருக்கு, மனசு சுரங்கத்துல இருக்கு. அந்தச் சத்தம் அவன் மனசுக்குள்ள கேக்குது. அடடா, இதைப் போய் வெட்டச் சொன்னாங்களே பாவிங்க!" அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்தது. கூடவே மூன்று தும்மலும் வந்தது.

"தூசி வாசனைகூட அடிக்குதுங்க" என்றாள் அவள்.

"படம் நம்மள உள்ள இழுத்துடுச்சுன்னு அர்த்தம்."

மூன்று மணி பதினெட்டு நிமிஷம். கடைசியில் எழுத்து ஓடியது. சுரங்கத்துக்கு டீ வாங்கிக் கொடுத்தவர் பேர் வரைக்கும் படித்துவிட்டுத்தான் கத்திரியார் எழுந்தார். கால் மரத்துப்போயிருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் மார்பை நிமிர்த்தினார்.

"இப்ப சொல்லு. எது நல்ல படம்?"

"நீளமானதுதாங்க."

"வாய் தவறிச் சொல்லலையே?"

"இல்லீங்க. மனசாரச் சொல்றேன்."

"ரூமைக் கேக்க மாட்டியே?"

"இனிமே கேக்கவே மாட்டேன்."

ஜெயித்துவிட்டார்! டிஸ்க்கைப் பெட்டியில் போட்டு, அதன் இடத்திலேயே கொண்டுபோய் வைக்கப் புறப்பட்டார். சோபாவைச் சுற்றி வரும்போது காலில் ஒரு ஒயர் தட்டியது. பின்பக்க ஸ்பீக்கர் இரண்டின் ஒயரும் பிடுங்கப்பட்டுத் தரையில் கிடந்தன. பிளக்கில் வேறொரு ஒயர் இருந்தது. அது அறைக் கதவின் கீழே புகுந்து உள்ளே போயிருந்தது.

கதவைத் திறந்தார். ஜன்னலோரம் தையல் மெஷின். நடுவில் துணி வெட்டும் மேஜை. டிஸ்க்குகள் இருந்த சுவரில் புதுப் பலகைகள், பலகை நிறையச் சீருடைத் துணி. கையில் துளை போடும் மெஷினோடு, புருவமெல்லாம் தூசியாக மைத்துனன் ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தான்.

"வாங்க மாமா. படம் எப்படி?"

 கத்திரியார் கையிலிருந்த டிஸ்க்கை வைக்க இடம் தேடினார், கிடைக்கவில்லை.

"என் படமெல்லாம் எங்கடா?"

"கட்டிலுக்கு அடியில மாமா. ஒண்ணுகூட உடையல."

பின்னாலேயே வந்து மேஜை முன்னால் நின்றுவிட்ட மனைவி பக்கம் அவர் திரும்பினார். "நீளமானதுதான் நல்லதுன்னு நீ ஒத்துக்கிட்டியே!"

"இப்பவும் அதையேதாங்க சொல்றேன்" என்றாள் அவள், துணியில் சாக்குக் கட்டியால் கோடு போட்டபடி. "ரெண்டரை மணி நேரத்துல முடிஞ்சிருந்தா, இவனால பாதிப் பலகைகூட மாட்டியிருக்க முடியாது."